நாலு கட்டும் மூன்று கோடும்

இன்று பின்னேரம் வேலையால் வந்து கைப்பையை மேசையில் வைக்கிறேன், மகளின் கணக்குத் தாளில் ஒரு சிவப்பு வட்டம்.

மகள் மூன்றாம் ஆண்டு. வீட்டில் திரும்பத் திரும்ப நடக்கிற மூன்று விசயங்களை ஒரு கிழமைக்கு எண்ணச் சொல்லியிருந்தார் டீச்சர்.

நாலு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து ஒரு கட்டாக்குவோமே, அந்தக் கணக்கு. கடைசியில் கூட்டி எழுத வேண்டும்.

கிழமை முழுக்கப் பிள்ளை அந்தத் தாளும் பென்சிலுமாகத்தான் திரிந்தாள். பார்க்கப் பெருமையாக இருந்தது. (வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ்கூடப் போட்டேன். "எங்கட ஓர்ஸ் ஹில்லில் ஒரு கணித மேதை" என்று.)

இப்போது பார்த்தால் "கூட்டல் பிழை. திருத்தி, பெற்றோர் கையொப்பத்துடன் திங்கட்கிழமை கொண்டுவரவும்."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. கவுண்டரில் நாள் முழுக்க "ஓம் ஐயா, இருங்கோ ஐயா" என்று குழைகிற நாக்கு இது. வீட்டுக் கேற்றைத் தாண்டினால் அதற்கு வேறு குணம்.

"இஞ்ச வா. எத்தினை கட்டு இருக்கு?"

"நாலு."

"நாலஞ்சு எத்தினை?"

"இருவது."

"மிச்சக் கோடு?"

"மூண்டு."

"அப்ப ஏன் மூண்டு எண்டு மட்டும் எழுதி வச்சிருக்கிறாய்? மிச்ச இருவதையும் ஆர் கொண்டு போனது?"

அவள் தாளின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மற்ற இரண்டு வரியும் சரி. கேற்றடியில் மான் வந்தது (எங்கள் ஊரில் மான் தெருவில்தான் திரியும்), ஆறு. கரண்ட் போனது, இரண்டு.

மூன்றாவது வரியின் தலைப்பு மட்டும் தெரியவில்லை. தாளைப் பிடித்திருந்த அவளுடைய பெருவிரல் அதன் மேல் இருந்தது.

"கையை எடு."

எடுக்கவில்லை. நான்தான் விலக்கினேன்.

'அம்மா ஏசினது.'

கதிரையை இழுத்து இருந்துவிட்டேன்.

போன கிழமை நான் ஏசி முடித்ததும் ஒவ்வொரு முறையும் அறைக்குள் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்து, அதற்கும் சேர்த்து ஏசினேன். பிள்ளை கோடு போடப் போயிருக்கிறாள்.

"ஏனம்மா குறைச்சு எழுதினனீ?"

"எல்லாற்ற தாளையும் சுவரில ஒட்டுவன் எண்டு டீச்சர் சொன்னவ. மற்ற அம்மாமாரும் வந்து பாப்பினம். உங்களுக்கு வெக்கமா இருக்கும். மூண்டு எண்டா எல்லா அம்மாமாரும் ஏசுறதுதானே."

"அப்ப கோட்டையும் அழிச்சிருக்கலாமே?"

"அழிறப்பர் போட்டா தாள் ஊத்தையாகும். அதுக்கும் ஏசுவீங்கள்."

முறைப்பாடாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

நாலஞ்சு இருபது என்று என்னைவிடத் திறமாகத் தெரிந்த பிள்ளை. எனக்காகப் பிழை விட்டு, அந்தப் பிழைக்கும் என்னிடமே ஏச்சு வாங்கியிருக்கிறாள்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அந்த இருபத்துமூன்றில் எனக்கு ஒரு நாலுதான் ஞாபகம் இருக்கிறது. மற்றதெல்லாம் எதற்கு ஏசினேன் என்றே தெரியவில்லை. அவளுக்குத் தெரியும்.

"சரி, இருவத்துமூண்டு எண்டு எழுதுங்கோ," என்றேன்.

"வேண்டாம் அம்மா. பிழையாவே இருக்கட்டும்."

பென்சிலைத் தரமாட்டேன் என்று பின்னால் ஒளித்துக்கொண்டாள். பேனையை எடுத்து நானே மூன்றை வெட்டி 23 என்று எழுதினேன். கீழே கையொப்பம் போட்டேன்.

அவள் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை அது சுவரில் இருக்கும். போகிறவர்கள் பார்க்கட்டும்.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் அறைக்குள் போகிறார்கள்தானே. எத்தனை கோடு வந்திருக்கும்?