தொப்பியில் இரண்டு விரல்

அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. பழைய அமெரிக்கப் படங்களில் நீதிபதியாக, ஹோட்டல் சிப்பந்தியாக, பெரும்பாலும் ரயில் கொண்டக்டராக இரண்டே நிமிடம் வந்துபோகும் மெலிந்த மனிதர். பெயர்ப் பட்டியலில் அவர் முறை வருவதற்குள் தொலைக்காட்சியில் விளம்பரம் போட்டுவிடுவார்கள். ஆனாலும் நான் நன்றி சொல்லவேண்டியவர்களில் முதலில் நிற்பவர் அவர்தான்.

எழுபதுகளின் நடுவில் நான் மெல்பேர்னில் டிராம் கொண்டக்டர். யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். என் சான்றிதழ்களை இங்கே யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காலையில் நாலு மணித்தியாலம், மாலையில் நாலு மணித்தியாலம் வேலை. நடுவில் டிப்போ சாப்பாட்டறைத் தொலைக்காட்சியில் மதியப் படம். அந்த மனிதர் திரையில் தலைகாட்டினால் எங்கள் கூட்டம் மேசையைத் தட்டும். என் டிராமை ஓட்டிய வயதான ஆஸ்திரேலியர் பேசாத படக் காலத்திலிருந்தே அவரைத் திரையில் பார்த்துவந்தவர். கௌபாய் படங்களில் குதிரைக்காரர் கும்பலில் ஒருவராகத்தான் அந்த நடிகர் ஆரம்பித்தாராம். படங்கள் பேசத் தொடங்கியபோது சில பெரிய நாயகர்கள் குரல் எடுபடாமல் வீட்டுக்குப் போக, இவரை நாடகமேடைக் குரல் காப்பாற்றியதாம். முப்பது வருடத்தில் ஒரு தடவைகூடக் கதாநாயகன் ஆகவில்லை.

நான் கவனித்தது வேறு. தொப்பி விளிம்பில் இரண்டு விரலை வைத்து, பயணியின் பணப்பையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து டிக்கெட் கேட்பார். அந்த ரயிலே தனக்குச் சீதனமாக வந்தது போல ஒரு மிடுக்கு. வெட்கமில்லாமல் அதை அப்படியே களவெடுத்துக்கொண்டேன்.

ஆனால் ஊரில் இருந்த மனைவியிடம் இந்த வேலையைச் சொல்ல வாய் வரவில்லை. 'போக்குவரத்துத் துறையில் உத்தியோகம்' என்று ஊருக்கு எழுதினேன். மாமனார் என்னைப் பெரிய அதிகாரியாக்கிவிட்டார். அவள் வந்து சேர்ந்த பிறகும் கோட்டுப் போட்டுப் புறப்பட்டு, டிப்போவில் சீருடை மாற்றினேன். வீட்டில் தனியே இருந்த அவளும் அதே மதியப் படத்தைத்தான் பார்த்தாள்.

"இண்டைக்கு அந்த மெலிஞ்ச மனிசன் பொலிஸ்காரன்," என்பாள்.

உண்மை தெரிந்தால் என்னை மதிப்பாளா என்ற பயத்தில் நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சந்தைப் பையுடன் என் டிராமிலேயே ஏறிவிட்டாள். டிரைவர் பக்கம் போய் ஒளியலாமா என்று யோசித்தேன். மற்ற எல்லோரிடமும் கேட்டு முடித்து, கடைசியில் அவளிடம் வந்தேன். கை தானாகத் தொப்பிக்குப் போனது.

"டிக்கெட், பிளீஸ்."

என் முகத்தைப் பார்த்தாள். சீருடையைப் பார்த்தாள். சில்லறையை நீட்டினாள். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

வேலை முடிந்து, சீருடையை மாற்றாமலே வீட்டுக்குப் போனேன். குசினியில், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஏன் என்னட்ட மறைச்சனீங்கள்?"

"வெக்கமாக் கிடந்தது."

"படத்தில அந்த மெலிஞ்ச மனிசனை நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன். அவர் வெக்கப்பட்டு நிண்டதை ஒரு நாளும் காணேல்லை."

கடிதம் அவளுடைய அப்பாவுக்கு. அதோடு நான் கொடுத்த டிக்கெட்டும் இருந்தது. கடைசி வரியை எட்டிப் பார்த்தேன்: 'இது உங்கட மருமகன் தன்ர கையால கிழிச்சுத் தந்தது. பத்திரமா வைச்சிருங்கோ.'

மறுநாள் காலை சீருடையை வீட்டிலேயே போட்டுக்கொண்டேன். தொப்பியை அவள்தான் தூசி தட்டி எடுத்துத் தந்தாள்.