தறி நிற்கும் நேரத்துக் கேசட்

மதியம் ஒரு மணிக்குப் பக்கத்துக் கூடங்களில் விசைத்தறி நின்றதும் ஆதம் பாய் கேசட்டைப் போடுவார். டேப் ரெக்கார்டரில் காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி ஓர் இரைச்சல் வரும். நமக்குப் பல் கூசும். அவர் விரலை உயர்த்தி, "இங்கன ஒரு எழுத்து போச்சு, கேட்டீரா வே?" என்பார். எனக்கு என்ன கேட்டது?

கழுகுமலை சாலையில் அவருடையது டிவி ரிப்பேர் கடை. அடுத்த கதவு என் பஞ்சர் கடை. டிவி தூக்கிக்கொண்டு இப்போது யார் வருகிறார்கள்? அவர் மேசையில் இருப்பது ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த பழைய கம்ப்யூட்டர். ஒரு நோட்டுப் புத்தகம் அகலம், ரப்பர் பொத்தான்கள். பழைய பெட்டி டிவிதான் அதற்குத் திரை. கேசட் இரைச்சல்தான் அதற்குத் தீனி; பாய் அதற்கு எழுதுகிற எழுத்தெல்லாம் கேசட்டில் இரைச்சலாகத்தான் பதியும். இரைச்சல் உள்ளே போனதும் திரையில் வண்ண வளையங்கள் சுழலும். எழுத்துகள் நெளிந்து ஓடும்.

"இது என்ன வெளாட்டு பாய்? எதை அமுக்கணும்?"

"ஒண்ணையும் அமுக்காண்டாம். கையக் கட்டிக்கிட்டுப் பாரும். நாப்பத்தெட்டு கேதான் வே இதுக்கு மூளை. உம்ம போன்ல ஒரு போட்டோவுக்குக் காணாது. அதுக்குள்ள இம்புட்டையும் ஆட விடுதேன்."

டெமோ என்பார்கள் இதை. இதற்கென்றே வெளிநாட்டில் வருஷம் ஒருமுறை கூடுகிற ஆட்கள் உண்டாம். அனுப்பினால் பெரிய திரையில் போட்டுக் கைதட்டுவார்களாம். ஆட்டம் ஆதம் பாயுடையது; பாட்டு கடையநல்லூர் முகம்மது ரியாஸுடையது. ஷார்ஜாவில் இருவரும் ஒரே அறை. போன நோன்புப் பெருநாளைக்கு ரியாஸ் புதுப் பாட்டை ஒரு கேசட்டில் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த மாதமே ஆள் மவுத்; போய்ச் சேர்ந்துவிட்டார். பாட்டு அந்த ஒரு கேசட்டில்தான் இருந்தது. "நாளைக்குக் காப்பி எடுத்துருதேன்" என்று பாய் தினமும் சொல்வார். அதுவரை சட்டைப் பையைவிட்டு இறக்க மாட்டார்.

அதுதான் கெடுத்தது. அனுப்ப இரண்டு நாள் இருக்கையில் டிவி மூலையில் பச்சைத் திட்டு விழுந்தது. காந்தம் ஏறினால் பழைய டிவியில் அப்படி வரும். அதை எடுக்கச் செம்புக்கம்பி வளையம் ஒன்று உண்டு. கரண்ட் கொடுத்துத் திரைக்கு முன்னால் சுற்ற வேண்டும். முப்பது வருஷமாகச் செய்த வேலை. நெஞ்சோடு பிடித்துச் சுற்றினார். திட்டு போனது. பையிலிருந்த கேசட்டைப் போட்டார். உஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. கேசட்டில் பதிவதும் காந்தம்தானே; வளையம் பாட்டையும் சேர்த்துத் துடைத்திருந்தது.

"அஞ்சாப்பு படிச்ச நானே பையத் தொட்டுப் பாத்திருப்பேனே பாய்."

"ஆமா வே," என்றார். சண்டைக்கு வந்திருந்தால் எனக்குத் தேவலை.

டெமோவை ஊமையாகவே அனுப்பினார். அதன் முடிவில் 'இசை முகம்மது ரியாஸ்' என்று ஆங்கிலத்தில் ஓடுகிறது.

"பாட்டே இல்லியே, பேரை எடுத்துரும்."

"அது கெடக்கட்டும்."

இப்போது தன் கேசட்டுகளை எல்லாம் கேட்டு முடித்த பிறகு, தறி திரும்ப ஓடத் தொடங்கும்வரை ரியாஸின் அந்தக் கேசட்டைப் போட்டுக் காது வைக்கிறார். முந்தாநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"வெத்துக் கேசட்டுதானே பாய். வேற எதையாவது பதியும்."

பாய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கேசட்டின் முதுகில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். அது இருந்தால்தான் புதிதாக எதையும் பதிய முடியும். அதை நெம்பினார். டொக்கென்று ஒடிந்து மேசையில் விழுந்தது. கேசட்டைத் திருப்பி, மறுபக்கத்துப் பல்லையும் ஒடித்தார்.