அப்பாவை மன்னிக்கச் சொன்ன பூசை

போன தவக்காலத்தில் எங்கள் ஊர் மாதா கோயிலில் நடந்த ஒப்புரவுப் பூசையை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை.

புதிதாக வந்த இளம் சாமியார் நல்லவர்தான். பண்ணை வைத்திருந்த குடும்பமும், அந்தப் பண்ணையில் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடந்த எங்கள் தெருவும் பீடத்தின் முன்னால் கட்டித் தழுவ வேண்டும் என்பது அவர் ஆசை. பண்ணை சார்பில், செத்துப்போன மிராசுதாரின் மகன். எங்கள் சார்பில் என் அப்பா. அந்தக் காலத்துப் பண்ணையாட்களில் மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான்.

பிரசங்கம், ஆதித் திருச்சபைக் காலத்து அடிமை ஒருவனைப் பற்றியது. எஜமானிடமிருந்து ஓடிப்போனவன் சிறையிலிருந்த அப்போஸ்தலரிடம் போய்ச் சேருகிறான். அவர் அவனைக் கிறிஸ்தவனாக்கி, ஒரு கடிதம் எழுதி, பழைய எஜமானிடமே திருப்பி அனுப்புகிறார். இவனை இனி சகோதரனாக ஏற்றுக்கொள் என்று கேட்கிறார். எவ்வளவு அழகான மன்னிப்பு என்று சாமியார் உருகினார். கடிதத்தோடு அவன் வாசலில் போய் நின்றபோது அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எந்தச் சாமியாரும் எனக்குச் சொன்னதில்லை.

எங்கள் வீட்டுக் கதை எனக்குத் தெரியும். அப்பாவும் இளவயதில் பண்ணையை விட்டு ஓடிப்போனவர். கோடியக்கரைப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தார். அங்கிருந்த சாமியார், பாவம், நல்ல எண்ணத்தில் மிராசுதாருக்கு ஒரு கடிதம் எழுதி அப்பாவிடமே கொடுத்தனுப்பினார். படிக்கத் தெரியாத அப்பா அதை மடியில் செருகிக்கொண்டு நடந்தே வந்தார். மிராசுதார் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மன்னிச்சுட்டேன்டா" என்றார். பிறகு, மற்ற ஆட்களுக்குப் பயம் விட்டுப்போகக் கூடாதென்று, களத்தில் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்து, சாணியைக் கரைத்து அப்பா வாயில் ஊற்றச் சொன்னார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் மிராசுதார்தான் முதல் ஆளாக நற்கருணை வாங்கினார். த்தூ!

அப்பாவுக்கு யாரையும் பழிவாங்கும் எண்ணமில்லை. அன்று களத்தில் நடந்ததை அந்த வீட்டு ஆள் ஒருவர் ஊர் முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. அதற்காகத்தான் பூசைக்கு ஒப்புக்கொண்டார்.

மிராசுதார் மகன் மைக்கைப் பிடித்தார். "எங்க அப்பா தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சுடுங்க" என்று கைகளை விரித்தார். போட்டோக்காரர் கிட்டே வந்தார்.

அப்பா நகரவில்லை. "ஏதாவதுன்னா என்னங்க? பாவசங்கீர்த்தனத்துல நாங்க செஞ்ச பாவத்தை ஒவ்வொண்ணாத்தானே சொல்றோம். நீங்களும் சொல்லுங்க."

மிராசுதார் மகனுக்குத் தெரியாததா? பத்து வயதில் களத்தில் நின்று பார்த்தவர்தானே. விரித்த கைகளை மடக்கிக்கொண்டு சாமியாரைப் பார்த்தார். சாமியார் பாடகர் குழுவுக்குச் சைகை காட்டினார். கீபோர்டு முழங்க, கோயிலே கைதட்டியது. எதற்குத் தட்டினார்களோ.

பூசை முடிந்ததும் மிராசுதார் மகன் வாசலில் என்னிடம் வந்தார். அப்பா என் தோளைப் பிடித்தபடி பக்கத்தில்தான் நின்றார்.

"பெரியவருக்கு வயசாயிடுச்சு. பழசெல்லாம் குழம்பிப் போயிடுது. இல்லீங்களா சார்?"

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவன் நான். பேசத் தெரியாதவன் இல்லை.

"ஆமாங்கய்யா" என்றேன். அய்யா வேறு.

அப்பா என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகப் படியிறங்கினார்.