கால் துள்ளிய பிற்பகல்

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாயை அடுத்த, எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டமொன்றில் என் சித்தப்பா குலை வெட்டுபவராக இருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், அவர் அறுத்த குலையே அவர் முதுகில் விழுந்தது. பல வாரங்களுக்குப் பிறகு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து, தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டில் கிடத்தினார்கள். இடுப்புக்குக் கீழே அவர் நனைந்த துணிபோல் கிடந்தார். மறுபடியும் நடப்பாரா என்ற ஒரே கேள்வியோடுதான் எங்கள் குடும்பம் உண்டது, உறங்கியது.

ஒரு பிற்பகல், முதுகில் புண் வராதிருக்க அவரைச் சுவர்ப்பக்கம் திரும்பியவாறு ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுச் சித்தி அடுப்படிக்குப் போனார். சித்தப்பா கண்ணயர்ந்திருந்தார். ஏழு வயதுக்குரிய பொறுப்புணர்ச்சியோடு நான் ஒரு துடைப்பக்குச்சியை எடுத்து அவர் உள்ளங்காலில் கோடு கிழித்தேன். அந்தக் கால் நெருப்பை மிதித்ததுபோல் வெடுக்கென்று மடங்கி மேலேறியது. நான் அலறினேன். ஓடிவந்த சித்தியின் கண்முன்னே மீண்டும் கிழித்தேன், மீண்டும் துள்ளியது.

“ஐயோ, காலு இழுக்குது! எல்லாரும் ஓடியாங்க!” என்று அழுதபடி கூவினார் சித்தி.

லயமே திரண்டது. “அடுத்த மாசம் வெட்டுக்கு வந்துருவான்லா! அதுக்கு ஏம்மா அழுவுற?” என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். அடுத்த வீட்டு அக்கா, சித்தியின் சார்பில் தாமே பத்துமலை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார்.

கூச்சலில் விழித்த சித்தப்பா, “என்னாண்ணே கூட்டம்?” என்றார். உடம்பைத் திருப்ப அவரால் இயலாது.

“உன் காலுக்கு உசிரு வந்துருச்சிடா! டேய், குச்சிய வச்சி ஒரு இழுப்பு இழு, உங்க சித்தப்பாவுக்கே தெரியட்டும்!” என்றார் மண்டோர்.

எல்லாரும் மூச்சடக்கி நின்றார்கள். நான் இழுத்தேன். கால் முன்னிலும் உயரமாகத் துள்ளி விழுந்தது.

சுவரைப் பார்த்தபடியே சித்தப்பா சொன்னார்: “என்னடா யோசன? சீக்கிரம் இழுடா. நான் ரெடியாத்தான் இருக்கேன்.”

சித்தி வாயைப் பொத்திக்கொண்டார். மண்டோர் என் கையிலிருந்த குச்சியை மெல்ல வாங்கினார்.

உள்ளங்காலின் சேதிக்குத் தண்டுவடமே விடையளித்துக் காலை இழுத்துவிடும், மூளையைக் கேட்பதில்லை என்பதைப் பின்னாளில் நானாகவே தேடிப் படித்து அறிந்தேன். நரம்புகளுக்குத் துணைநிற்கும் செல்களே, அறுந்த இடத்தில் தழும்பாகத் திரண்டு, நரம்புகள் மீண்டும் வளரும் வழியை அடைத்துவிடும் என்பதையும் அறிந்தேன்.

அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. சித்தப்பா எப்போதும் வேடிக்கை பேசுபவர். இதையும் அப்படித்தான் சொல்கிறார் என்று எண்ணி, அத்தனை பேர் நடுவில் நான் ஒருவன் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தேன்.