ஆறு மூடிகளில் வைத்த பொட்டு

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவர் எப்படிப் போனார் என்று நேரில் கேட்க உங்களில் பலர் தயங்கினீர்கள். அதனால் எழுதுகிறேன். அத்தையின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது கர்நாடக மலையோரத்து மார்டள்ளியில், மழையை நம்பி ராகி விதைக்கும் குடும்பத்தில். சிமினி விளக்கில் படித்து, ஐ.டி.ஐ. முடித்து, மைசூருக்கு வந்து, அங்கே ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன் ஆனார். தொழிற்சாலை மூடப்பட்டபோது கிடைத்த வேலையெல்லாம் செய்தார். கோபத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பிறகு மலையோரக் கிராமங்களில் சூரிய விளக்கு பொருத்தும் தொண்டு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். கரண்டுக் கம்பம் எட்டாத ஊர்கள் அவை. பாதி ஊர்களில் நம் சொந்தக்காரர்களே இருந்தார்கள். டிப்ளமோ படித்துக்கொண்டிருந்த என்னையும் விடுமுறையில் அழைத்துப் போவார்.

எல்லா வீட்டிலும் அவருக்கு ஒரே பேச்சுதான். பேட்டரிக்குப் பக்கத்தில் எண்ணெய் விளக்கு கூடாது, பீடி கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், தண்ணீர் குறையக் கூடாது. சார்ஜ் ஆகும்போது வரும் வாயு, பொறி பட்டால் வெடிக்கும். "எருமைன்னு நெனச்சுக்கோங்க. தண்ணி காட்டோணும், காத்தாடக் கட்டோணும், கொம்புகிட்டப் போகக் கூடாது" என்பார். சிரிப்பார்கள். பொட்டைப் பற்றி மட்டும் அவர் சொன்னதில்லை. ஆயுத பூஜைக்கு ஸ்க்ரூ டிரைவருக்கும் பொட்டு வைப்பவருக்கு அது ஆபத்து என்று தோன்றவில்லை.

அப்பாவின் தங்கை, என் அத்தை, காட்டோரச் சிற்றூரில் இருக்கிறார். பேட்டரியைச் சாமி அறையில்தான் வைப்பேன் என்றார். அப்பா வேண்டாம் என்றதற்கு, "லட்சுமியக் கொண்டுபோய் மாட்டுச் சாளையிலயாண்ணா வெக்கறது?" என்று மடக்கினார். தங்கையிடம் அப்பா என்றுமே ஜெயித்ததில்லை. சாமிக்கு ஏற்றும் விளக்கையாவது சமையலறைக்கு மாற்று என்றார். அத்தை மாற்றினார்.

ஆனால் வெள்ளிதோறும் பேட்டரியின் ஆறு மூடிகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வாயு வெளியேற ஒவ்வொரு மூடியிலும் சிறு துளை உண்டு. பொட்டு அந்தத் துளையின் மேலேயே உட்கார்ந்தது. வாரத்துக்கு வாரம் தடித்தது.

சென்ற ஆண்டு ஆடியில் அத்தை போன் செய்தார். "அண்ணா, பேட்டரிக்கு வயிறு உப்பினாப்பல இருக்குதுங்க. மூக்க எரிக்கிற நாத்தம் வேற."

"அதத் தொடாத கண்ணு. நாங்க வர்றோம்."

நானும் அப்பாவும் கொள்ளேகாலில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம்.

ஆடிக் காற்றுக்குப் பயந்து அறையின் ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே இருட்டு. "அம்மிணி, நீ வெளியவே நில்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு அப்பா நுழைந்தார். மூடிகளைத் தடவினார். "அடடா, தொளையெல்லாம் அடைஞ்சு போச்சே" என்றார். பேட்டரியின் பக்கவாட்டில் விரிசல் விட்டிருந்தது. அவர் ஜன்னலிடம் போனார். தாழ்ப்பாள் இறுகியிருந்தது.

"இருட்டுல என்னண்ணா தெரியும்?" என்று அத்தை சுவிட்சைப் போட்டார்.

விரிசல் வழியே கசிந்து அறையை நிறைத்திருந்த வாயுவுக்கு, சுவிட்சுக்குள் எழும் பொறி போதுமானதாக இருந்தது. பேட்டரி வெடித்து, ஆசிட் அப்பாவின் முகத்திலும் மார்பிலும் தெறித்தது.

மைசூர் மருத்துவமனையில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்துதான் போனார். அங்கே அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசியது இது: "தங்கச்சிய ஆரும் ஒண்ணும் சொல்லாதீங்க. பொட்டப் பத்தி நாந்தான் சொல்லாம உட்டுட்டேன். மத்த வீட்டுலயும் போயிப் பாரு அம்மிணி."

போய்ப் பார்த்தேன். அநேகமாக எல்லா வீட்டிலும் பொட்டு இருந்தது. "சீமெண்ணெ வெளக்கு கண்ணத்தான் கெடுக்கும், இது ஆளையே கொண்டு போயிருச்சு" என்று சிலர் பேட்டரியையே கழற்றித் தரத் தயாரானார்கள். அப்பாவின் சக ஊழியர்கள் காற்றோட்டமுள்ள மரப்பெட்டிகள் செய்து, பேட்டரிகளை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றினார்கள். இப்போது பொட்டு பெட்டியின் முகப்பில் இருக்கிறது. முதல் பெட்டி அத்தை வீட்டில். "எழுது அம்மிணி. என்ற கையால வெச்ச பொட்டுன்னே எழுது" என்று அவர்தான் சொன்னார்.

ஜீப் எடுத்து ஓடிவந்த பக்கத்துத் தோட்டத்து அண்ணன், இரவும் பகலும் கவனித்த செவிலியர்கள், அம்மாவைத் தனியே விடாத உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

யானை நடமாட்டத்தால் வண்டி போகாத சில வீடுகள் இன்னும் மிச்சம். சொல்லியனுப்பினோம், பதில் இல்லை. ஆயுத பூஜை நெருங்குகிறது. பேட்டரியைத் துடைத்து, சந்தனம் குழைப்பார்கள். திதி முடிந்த மறுநாள் நானும் அத்தையும் புறப்படுகிறோம். எங்களுக்கு முன் உங்களில் யாராவது அந்தப் பக்கம் போக நேர்ந்தால், பேட்டரி இருக்கும் அறைக்குள் போகும் முன் ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். இருட்டாக இருந்தாலும் சுவிட்சைத் தொட வேண்டாம்.