ஒரு வாரம் கழுவாத கைகள்

விடிந்தால் கோயில், பொழுது ஏறினால் கல்லூரி. இருபத்திரண்டு வருடமாக இரண்டு இடத்திலும் அவருக்கு ஒரே வேலைதான்: கழுவுவது. கோயிலின் பித்தளை விளக்குகளையும் தட்டுகளையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, அதே தெருவின் மறுகோடியில் இருக்கும் கல்லூரிக்கு நடந்து போய், வேதியியல் ஆய்வகத்தின் கண்ணாடிக் குடுவைகளோடு மல்லுக்கு நிற்பார். இரண்டு இடத்திலும் அவருக்குப் பெயர் பளிச்சு. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஓர் அக்கா இருந்தாள். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மற்றதையெல்லாம் பளிச்சென்று வைத்த அந்தக் கைகளின் லட்சணத்தைத்தான் பார்க்கச் சகிக்காது. உள்ளங்கை உப்புத்தாள். விரல் மடிப்புகளில் வெடிப்பு. குளிர்காற்று அடித்தால் ரத்தம் கசியும். சட்டைப் பொத்தான் போட்டுவிட மனைவி வரவேண்டும். மனிதர் அதையெல்லாம் சட்டை செய்ததே இல்லை. பேத்தி பிறக்கிறவரைக்கும்.

ஆஸ்பத்திரியில் பேத்தியை வாங்கி, ஆசை தாங்காமல் கன்னத்தை ஒரு தடவு தடவினார். சிவப்பாக ஒரு கீறல் விழுந்தது. குழந்தை வீறிட்டது. “பரவால்லப்பா” என்றுதான் மகள் சொன்னாள். சொல்லிக்கொண்டே குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அந்த வாங்கிக்கொண்டது மூன்று மாதமாக அவர் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. இப்போது மகள் குழந்தையோடு வீட்டுக்கு வருகிறாளாம், இன்னும் இரண்டு ஞாயிறு கழித்து.

முதலில் பூசாரியிடம் கையைக் காட்டினார்.

“காலேஜ்ல கண்ட கண்ட அமிலத்துல கையை விடுறே. வேறென்ன ஆகும்? சாமி விளக்கைத் தொட்டா கை வெந்துபோகுமா?” என்றார் பூசாரி.

பிறகு பேராசிரியரிடம் காட்டினார்.

“கோயில்ல சாம்பலும் புளியும் போட்டுத் தேய்க்கிறல்ல, அதான். நம்பிக்கை வேறப்பா, தோல் வேற” என்றார் பேராசிரியர்.

இருவரும் நேரில் ஒரு வார்த்தை பேசியவர்கள் இல்லை. மதமும் விஞ்ஞானமும் போட்ட சண்டையெல்லாம் இவருடைய இரண்டு உள்ளங்கையிலேயே நடந்தது. சண்டை போட்டவர்களில் ஒருவராவது ஒரு சொட்டு எண்ணெய் கொடுத்தாரா என்றால், அதுதான் இல்லை.

கடைசியில் ஆஸ்பத்திரித் தோல் டாக்டரம்மாவிடம் போனார். அந்த அம்மாள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்ன வேலை பாக்குறீங்க?”

“கழுவுறதும்மா.”

“எதை?”

“காலைல சாமிக்கு, பகல்ல காலேஜுக்கு.”

“நல்லாருக்கு. ஐயா, தோல்ல இயற்கையாவே கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருக்கும். நீங்க அதைத் தினம் கழுவி எறியுறீங்க. கை ஈரமா இருக்கும்போதே வாசலினைத் தடவுங்க. தூங்கறப்ப பருத்தித் துணிக் கையுறை போட்டுக்கோங்க. முக்கியமா, சோப்பு, பவுடர் பக்கமே போகாதீங்க.”

சோப்பு, பவுடர் பக்கம் போகாமல் அவர் வேறு எந்தப் பக்கம் போவார்? ரப்பர் கையுறையோடு சாமி பாத்திரத்தைத் தொடக் கூடாது. ரப்பர் கையுறையோடு ஈரக் குடுவையைப் பிடித்தால் வழுக்கிவிடும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தார்.

வாசலினைத் தடவிக்கொண்டே வேலைக்குப் போனார். வினை அங்கேதான் வந்தது.

ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. கழுவிய கண்ணாடியில் தண்ணீர் மெல்லிய படலமாக, ஒரே ஏடாக வழிய வேண்டும். முத்து முத்தாக நின்றால் பசை இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு நாற்பது குடுவையிலும் முத்து நின்றது. ஒரு மாணவியின் ஒரு வாரச் சோதனை வீணாகிப்போனது. அதற்கு முன்பே, அதே காலையில், பூசாரி ஒரு தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அதில் ஐந்து விரல் ரேகையையும் எண்ணியிருந்தார்.

“கை சரியானதும் வா. அதுவரைக்கும் சாமி பாத்திரத்தைத் தொடாதே” என்றிருந்தார் அவர்.

“ஒரு வாரம் வராதப்பா” என்றார் பேராசிரியர்.

எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு பேர் பசை விஷயத்தில் மட்டும் ஒரே கட்சி. இருபத்திரண்டு வருடத்தில் அவருக்குக் கிடைத்த முதல் விடுமுறை அது. வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர், சாயங்காலம் வரை எழுந்திருக்கவே இல்லை. அவ்வளவு அலுப்பு எங்கேதான் ஒளிந்திருந்ததோ, மொத்தமாக வெளியே வந்தது.

அந்த வாரம் மனைவி அவரைக் குழாய்ப் பக்கமே விடவில்லை. சோறு பிசைந்து கொடுத்தாள். வேளைக்கு வேளை ஈரத்துணியால் கையை ஒற்றி, வாசலினைத் தடவிவிட்டாள். அவர் தினமும் ஜன்னலின் நைலான் திரையில் உள்ளங்கையை இழுத்துப் பார்ப்பார். ஆய்வகத்துப் பழக்கம். இழை மாட்டினால் தேறவில்லை. பிறகு கண்ணை மூடி ஒரு நிமிடம் வேண்டிக்கொள்வார். கோயில் பழக்கம்.

சனிக்கிழமை இழை மாட்டவில்லை.

“இங்க வந்து பாரேன்!” என்று மனைவியைக் கூப்பிட்டு, அவள் கன்னத்தில் கையை வைத்தார். “கீறுதா?”

“இல்ல” என்றாள். “இத்தனை வருஷத்துல என் கன்னத்துக்காக ஒருநாளாவது இப்படிக் கேட்டிருக்கீங்களா?” என்றாள்.

ஞாயிறு காலை வாசலில் வண்டி நின்றது. மகள் உள்ளே வந்ததும் வராததுமாக, “அப்பா, இந்தாங்க, பிடிங்க” என்று குழந்தையை நீட்டினாள். அவர் கையும் நீண்டது. பாதியில் நின்றது.

“இரும்மா, ஒரு நிமிஷம்” என்று பின்பக்கம் ஓடினார்.

வெகுநேரமாக ஆளைக் காணோம். மனைவி போய்ப் பார்த்தபோது குழாய் திறந்திருந்தது. பாத்திரம் துலக்கும் பவுடரை அள்ளி, முழங்கை வரைக்கும், நகக்கண் நகக்கண்ணாக, அவர் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கையில் ஒரே ஏடாக வழிந்தது. விரல் மடிப்பில் பழைய வெடிப்பு வாய் திறந்து, மெல்லிசாக ரத்தம் கோடு கட்டியிருந்தது.

“யாருங்க உங்களைக் கழுவச் சொன்னது?”

அவர் கையைப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. “பசையோட எப்படித் தொடுறது...” என்றார். கிழவர் குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

மனைவி திட்டவில்லை. குழாயை மூடினாள். டப்பாவில் மிச்சமிருந்த வாசலினை மொத்தமாக வழித்து, ஈரம் காய்வதற்குள் அந்தக் கைகளில் அப்பினாள். துடைக்க விடாமல் முழங்கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்து வந்தாள்.

“அப்படியே குடு” என்றாள் மகளிடம்.

குழந்தை கைக்கு வந்தது. அழவில்லை. அவருடைய ஐந்து விரலும் பிசுபிசுவென்று அதன் கன்னத்தில் பதிந்து, ஜன்னல் வெளிச்சத்தில் மினுங்கின. பழக்கதோஷத்தில் துடைக்கப் போன அவர் கையை மகள் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கட்டும்ப்பா” என்றாள்.