தலை இடிக்காத லிஃப்ட் எது?

கார் லிஃப்ட் விற்கிறவன் காரைப் பார்ப்பது குறைவு. பாதி நாள் கழுத்தை நிமிர்த்திச் சீலிங்கைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பான்.

யுத்த காலத்தில் சில வருஷங்கள் கண்டியில் ஒரு கம்பெனியில் எனக்கு அந்த வேலை. சேர்விஸ் ஸ்டேஷன்களுக்கு லிஃப்ட் இறக்குமதி செய்துகொண்டிருந்தவர்கள், வீட்டுக் கராஜுக்கும் விற்றுப் பார்க்கலாம் என்று என் கையில் அளவு நாடாவையும் குறித்துக்கொள்ள ஒரு கொப்பியையும் கொடுத்து அனுப்பினார்கள். கணக்கு சுலபம். சீலிங் உயரத்தில் வாகனத்தின் உயரத்தைக் கழித்தால், மிஞ்சுகிற அளவுக்குத்தான் தூக்கலாம். மலைச்சரிவைக் குடைந்து கட்டிய கண்டிக் கராஜ்களில் மிஞ்சுவது, வேன் என்றால், அநேகமாக ஒரு சாண். வீடு கட்டின மேசன் பாஸ் சொன்ன அளவை நம்பி அலுமாரி வாங்கி, அது அறைக்குள் போகாமல் விறாந்தையிலேயே நின்ற அனுபவம் உங்களுக்கு இருந்தால் நீங்களும் என் ஆள்தான்.

எத்தனை பேர் ஏறலாம்?

பேராதனையில் ஒரு விரிவுரையாளர், யாழ்ப்பாணத்துக்காரர், வரச்சொல்லியிருந்தார். கராஜ் ரோட்டு மட்டத்தில்; வீட்டுக்கு அங்கிருந்து முப்பத்தெட்டுப் படி. நான் போனபோது அவர் கம்பசிலிருந்து திரும்பவில்லை. அவர் மனைவிக்கு முழங்கால் வருத்தம். அப்படியிருந்தும் வாசல்வரை வந்து கூப்பிட்டு, கதிரை போட்டு, தேத்தண்ணி தந்தார். இவ்வளவு உபசாரம் எனக்கு வேறெந்த வீட்டிலும் கிடைத்ததில்லை.

"தம்பி, ஒரே நேரத்தில எத்தினை பேர் ஏறலாம்?" என்று கேட்டார். ஆள் ஏறக்கூடாதம்மா, ஆபத்து என்றேன். "மேல வந்து எங்க நிக்கும்? குசினிப் பக்கமோ?" என்றார். கராஜுக்குள்ளேயே நிற்கும் என்றேன். அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. கடைசியில் படப் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். கார் அந்தரத்தில் நிற்கிற படத்தைக் கனநேரம் பார்த்தார். பிறகு ஜன்னலால் படிக்கட்டைப் பார்த்தார்.

"அப்ப கார் மேல போகும், நான் படியால ஏறி வரவேணும். நல்ல லிஃப்ட்தான் தம்பி, அவரிட்டையே குடுங்கோ."

மூன்று உயரம்

கெலிஓயாவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த ஹாஜியாருக்கு ஒரு வேனும் ஒரு காரும் இருந்தன. இரண்டுக்கும் அடியில் படுத்துத் தானே வேலை பார்க்கிறவர். முதுகு விட்டுப்போனதால் இரண்டு தூண் லிஃப்ட் ஒன்று வேண்டும் என்றார். கராஜின் உயரம் எட்டடி என்று மேசன் பாஸ் சொல்லியிருந்தார். ஹாஜியாரின் மச்சான் அளந்து ஏழடி ஒன்பது அங்குலம் என்றார். நான் அளந்தபோது ஏழடி நாலு.

அரைமணி நேரம் மூன்று அளவுக்கும் நடுவில் நின்று குழம்பினோம். பிறகுதான் பிடிபட்டது. பாஸ் அளந்தது நிலத்துக்குக் கொங்கிரீட் போடுவதற்கு முன்னால். மச்சான் அளந்தது வாசலில். நான் அளந்தது பின்சுவரோரம். கழுவுகிற தண்ணீர் வெளியே ஓடட்டும் என்று நிலத்தை வாசல் பக்கம் சரித்திருந்தார்கள். எந்த அளவை எடுத்தாலும் தூண் லிஃப்டின் தூணே உள்ளே நிமிராது. ஹாஜியார் நிலத்தைப் பார்த்தார், சீலிங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப மூணு பேர் சொன்னதும் சரிதான் தம்பி, என்ட ஊடுதான் பிழை."

கொப்பி

அடுத்த பௌர்ணமிக்கு, போயா லீவில், வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது கம்பளை ரோட்டுச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நின்றேன். பைக்குள் கொப்பி இருந்தது. அதில் பக்கத்துக்குப் பக்கம் வீட்டுப் படங்கள்: கேற் எங்கே, தூண் எங்கே, கார் எந்தப் பக்கம் நிற்கும், எத்தனை அடி உயரம். எல்லாம் தமிழில். நானே அந்நியனாக நின்று பார்த்தால் எனக்கே என்மேல் சந்தேகம் வந்திருக்கும். என்ன தொழில் என்று கேட்டார்கள். பயத்தில் என் அரைகுறைச் சிங்களம் இன்னும் குறைந்து, வீடு வீடாகப் போய்க் கார் தூக்குகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். கம்பெனிக்குப் போன் அடித்தார்கள். லீவு நாள், எடுக்க ஆளில்லை. அப்படிப் போய்த் திரும்பி வராதவர்கள் எங்கள் தோட்டத்து லயத்திலேயே இரண்டு பேர். சார்ஜன்ட் கொப்பியைப் புரட்டி, என்னையே வாசிக்கச் சொல்லி, கிட்ட இருந்த விலாசம் கெலிஓயா என்று கண்டு, என்னை ஜீப்பில் ஏற்றி ஹாஜியார் வீட்டுக்கே கூட்டிப்போனார். எனக்கு உயிர் வந்தது.

"இவனைத் தெரியுமா?" என்று சார்ஜன்ட் கேட்டார். ஹாஜியார் ஜீப்பைப் பார்த்தார், சார்ஜன்டின் தோளில் தொங்கிய துவக்கைப் பார்த்தார். "தெரியாது சேர்" என்றார். வந்த உயிர் திரும்பிப் போயிற்று. அழவும் வரவில்லை. சார்ஜன்ட் என் நாடாவை வாங்கிக் கராஜ் வாசலில் அளந்தார். ஏழடி ஒன்பது. கொப்பியில் ஏழடி நாலு. "பொய்க் கணக்கு" என்றார். சேர், பின்சுவரில் ஒருதரம் அளந்து பாருங்கள் என்று கும்பிட்டேன். என்ன நினைத்தாரோ, போய் அளந்தார். ஏழடி நாலு. திரும்ப வாசலுக்கு வந்து அளந்தார். மறுபடி பின்சுவருக்குப் போனார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, கொப்பியை என் கையில் வைத்தார்.

"பிடிக்க வேண்டியது உன்னை இல்லை, இந்தக் கராஜைக் கட்டின பாஸை."

பிளேன்டீ

ஜீப் போன பிறகு ஹாஜியார் என்னை உள்ளே கூப்பிட்டார். நான் போகவில்லை, வாசலிலேயே நின்றேன். அவர் தன் கையாலேயே பிளேன்டீயும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் கொண்டுவந்து தந்தார். கோபப்படவேண்டும் என்று நினைத்தேன். கோபம் யார்மேல் வரவேண்டும் என்று தெரியவில்லை. சும்மா இருக்க முடியாமல் லிஃப்டைப் பற்றிப் பேசினேன். வேன் ஆறரை அடி, அதைத் தூக்கிப் பிரயோசனமில்லை. காருக்கு மட்டும் கத்தரிக்கோல் மாதிரி விரிகிற, தூணில்லாத பதிந்த லிஃப்ட் போட்டால், இரண்டரை அடி தூக்கி, சின்ன வாங்கில் உட்கார்ந்தபடி வேலை பார்க்கலாம் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கேட்டாரா என்று தெரியவில்லை. ஆனால் அடுத்த மாதம் அதைத்தான் அவர் கராஜில் பூட்டினோம்.

அன்றைக்கு நான் புறப்படும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"இவனத் தெரியுமா எண்டு கேட்டாங்க தம்பி. இந்தக் காலத்துல என்னையே எனக்குத் தெரியும் எண்டு சொல்லப் பயமா இரிக்கி."

எதிர் வீடு

விரிவுரையாளரை இரண்டாந்தரம் போனபோதுதான் சந்தித்தேன். அவருக்குத் தேவை ரிப்பேருக்கான லிஃப்ட் இல்லை. கனடாவுக்குப் போன மகன் விட்டுவிட்டுப் போன காரை மேலே தூக்கி வைத்து, தன் காரைக் கீழே விடவேண்டும். கராஜ் ஏழடி எட்டு. இரண்டு கார் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்க அது போதவே போதாது. நிலத்தைத் தோண்டலாமா என்று கேட்டார்; தோண்டினால் பாறை. ஒன்றை ரோட்டில் விடலாமே சேர் என்று சொல்லிவிட்டேன். மனைவிதான் சொன்னார்: கொழும்பில் இருந்தபோது எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் வாசலில் நின்ற காரைக் கொளுத்தினார்கள், அதற்குப் பிறகு இவர் ஒரு நாளும் வாகனத்தை வெளியே விட்டதில்லை.

எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், ஒரு சிங்கள அம்மா, தனியாக இருந்தார். அவருடைய கராஜ் வெறுமையாகக் கிடந்தது. கேட்டுப் பார்க்கலாமே என்றேன். "கேட்டால் தருவா. திருப்பி ஏதும் நடந்தால் என்ட காரால அவவின்ட வீட்டுக்கு நெருப்பு வரக்கூடாது" என்றார் அவர். நான் நாடாவைச் சுருட்டினேன். நாங்கள் ரோட்டில் நின்று சீலிங்கைப் பார்ப்பதைக் கண்டு அந்த அம்மாவே குடை பிடித்துக்கொண்டு வந்து என்ன விஷயம் என்று விசாரித்தார். விரிவுரையாளர் மழுப்பினார், மனைவி முழுவதையும் சொல்லிவிட்டார். அம்மா கேட்டு முடித்துவிட்டு, கார்த் திறப்பைத் தரும்படி கையை நீட்டினார்.

"யாராவது வந்து கேட்டால் கார் என்னுடையது என்று சொல்வேன், எனக்கு ஓட்டத் தெரியாது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?"

இந்தத் தொழிலில் நான் சரியாக அளந்த வீடுகளில் பாதிப் பேர் ஏன் லிஃப்ட் வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும், மீதிப் பேர் அந்தச் சீலிங்குக்குக் கீழே ஏன் வாங்கினார்கள் என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.